சாந்தில்லாச் சுவர்: ஓசூர் – கிருஷ்ணகிரி எல்லைப்பகுதியில் தன்வீட்டுக் கட்டுமானமும் மேற்பூச்சுப் பிணைப்பு முறையும்

ஆய்வுச்சுருக்கம்

கட்டைக்கற்களைச் சாந்தின்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இருபுறமும் கண்ணாடி இழை கலந்த மெல்லிய சிமெண்டுப் பூச்சு பூசிச் சுவராக்கும் முறை 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க நாட்டுப்புற வீடுகளுக்காக உருவாக்கப்பட்டது. கொத்தனாரின் துணையின்றித் தம் வீட்டைத் தாமே கட்டிக்கொள்ள விழைவோருக்குரிய முறையாக இது இன்று பேசப்படுகிறது. ஓசூர் – கிருஷ்ணகிரிப் பகுதி பெருங்கற்காலம் முதல் சாந்தில்லாக் கல்லடுக்கை அறிந்த நிலம். ஆதலால் புதிய முறையைப் பழைய மரபின் மறுவருகையாகக் காணும் போக்கு எளிதில் எழக்கூடும். அப்போக்கு பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சுவரில் உள்ள ஒழுங்கின்மையைச் சரிசெய்யும் பொறுப்பு ஒவ்வொரு காலத்திலும் யாரிடம் இருந்தது, அதற்குரிய கூலி யாருக்குச் சென்றது என்னும் வினாவை அடிப்படையாகக் கொண்டு இவ்வரலாறு அணுகப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஓசூர், கிருஷ்ணகிரி, பாராமகால், கல்திட்டை, பலகைக்கல், உலர் அடுக்கு, மேற்பூச்சுப் பிணைப்பு, தன்வீட்டுக் கட்டுமானம், கொத்தனார்

முன்னுரை

தமிழகக் கட்டடக்கலை வரலாறு பெரும்பாலும் கோயில்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. விமானத்தின் தளங்களும் போதிகைகளும் பெற்ற கவனத்தைக் குடியானவர் வீட்டுச் சுவர் பெறவில்லை. சுவர் எதனால் ஆனது, அதை யார் எழுப்பினர், எவ்வளவு காலம் நின்றது என்னும் வினாக்கள் நாட்டுப்புறவியலின் ஓரத்திலோ மாவட்ட விவரச்சுவடிகளின் ஒரு பத்தியிலோ தங்கிவிட்டன. சேலம் மாவட்டத்தைப் பற்றி எச். லெ பானு 1883இல் வெளியிட்ட கையேடும் எப். ஜே. ரிச்சர்ட்ஸ் 1918இல் வெளியிட்ட விவரச்சுவடியும் இப்பகுதி ஆய்வுக்கு இன்றும் முதல் வாயில்கள். ஆனால் அவற்றின் முதன்மை நோக்கம் வருவாய் நிருவாகமே.

இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டம் 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. தருமபுரி 1965இல் சேலத்திலிருந்து பிரிந்தது. இவற்றுக்கு முன், 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கும்பினியாரிடம் வந்தது. மேட்டுநிலமான ஓசூர்ப் பகுதி திப்பு வீழ்ந்த 1799க்குப் பின்னரே வந்து சேர்ந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்றும் ஒரே தெருவில் புழங்கும் இந்நிலத்தில் கட்டுமானச் சொற்களும் அவ்வாறே கலந்துள்ளன. கன்னடத்தார் சப்படி என்பதைத் தமிழர் பலகைக்கல் என்பர், கல் ஒன்றே.

கல்லே சுவரான காலம்

சூளகிரிக்கு அருகிலுள்ள மல்லச்சந்திரம் குன்றின்மேல் காணப்படும் கல்திட்டைகள் தமிழகத்தின் மிகப்பெரிய பெருங்கற்காலத் தொகுதிகளுள் வைத்து எண்ணப்படுபவை. பாறைப்பரப்பிலேயே பலகைக்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு மூடுகல்லை ஏற்றி அமைத்த அறைகள் அவை. ஒரு பலகையில் வட்டமான இடுதுளை இருக்கும். அறையைச் சூழ வட்டத்தலையுடைய பலகைகள் நிறுத்தப்பட்டுள்ளன. இவற்றில் எங்கும் சாந்து இல்லை. இறந்தோர்க்கான இவ்வமைப்புகளை வாழ்வோர் வீடென்றே அழைத்துவந்துள்ளனர். பாண்டவர் வீடு, வாலியர் வீடு முதலான பெயர்கள் தமிழக மலைப்பகுதிகளில் பரவலாக வழங்குகின்றன. சங்க இலக்கியம் குறிக்கும் பதுக்கை என்னும் சொல்லும் கற்களைக் குவித்து அமைத்த ஈமச்சின்னத்தையே சுட்டுகிறது.

பெருங்கற்காலக் கல்லறைகளில் பலவிடங்களில் நான்கு பக்கப் பலகைகளும் ஒன்றின் ஓரம் அடுத்ததன் முகத்தில் முட்டுமாறு, சுவத்திக வடிவில் வைக்கப்பட்டுள்ளன. ஒரு பலகை உட்புறம் சாய முற்பட்டால் அடுத்த பலகை அதைத் தடுக்கும். மூடுகல்லின் எடை நான்கையும் அழுத்திப் பிடிக்கும். இங்குப் பிணைப்புப் பொருள் எதுவும் இல்லை. எடையும் உராய்வும் முட்டுக்கொடுக்கும் ஒழுங்குமே சுவரை நிறுத்துகின்றன. இம்மாவட்டத்தின் தொன்மை பற்றிய விவாதம் மயிலாடும்பாறை அகழாய்வுக்குப் பின் புதுத்தளத்துக்குச் சென்றது. அங்குக் கிடைத்த இரும்புச் சான்றின் காலம் கி.மு. 2172 எனத் தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்தது. அந்த இரும்புக்கும் மல்லச்சந்திரத்துப் பலகைகளைப் பெயர்த்த கருவிகளுக்கும் உள்ள தொடர்பு தனியே ஆராயப்பட வேண்டியது; ஒன்றை வைத்து மற்றொன்றை முடிவுசெய்வது முறையன்று.

கோட்டைகளைப் பொறுத்தவரை இங்குச் சுருக்கமாகக் கூறினால் போதும். விசயநகரக் காலத்தில் செகதேவராயர் வசம் பாராமகால் இருந்தபோதும், பின்னர் ஐதர், திப்பு காலங்களிலும் கிருஷ்ணகிரி, இராயக்கோட்டை முதலிய மலைக்கோட்டைகள் வலுப்பெற்றன. பெரிய கற்களை முகம் பொருந்தச் செதுக்கிச் சாந்தின்றி அடுக்கி, நடுவே மண்ணும் சிறுகல்லும் நிரப்புவது விசயநகரக் கோட்டைச் சுவரின் பொதுவழக்கு. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்ட கைப்பிடிச்சுவர்கள் பீரங்கிக் காலத்துச் சேர்க்கைகள்.

கோட்டையை விடக் கழனியே இவ்வாய்வுக்கு நெருக்கமானது. சூளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பகுதிகளில் சரிவுநிலத்தைத் திருத்தியபோது வெளிப்பட்ட கற்களை உழவர்கள் வரப்போரத்தில் அடுக்கினர். ஆட்டுப்பட்டியின் சுற்றுச்சுவர், கிணற்றின் உட்சுவர், மேட்டுநில வரப்பு ஆகியவை இவ்வாறு எழுந்தன. இவ்வேலைக்குத் தனிக் கூலியாள் எப்போதும் தேவைப்படவில்லை. பெரிய கல் அடியில், நீண்ட கல் குறுக்கே, இடைவெளிகளில் சக்கைக்கல் என்னும் ஒழுங்கு பார்த்துப் பழகுவதால் வருவது. இங்குக் கல் ஒவ்வொன்றும் வெவ்வேறு வடிவினது. அந்த ஒழுங்கின்மையை அடுக்குபவரின் கண்ணும் கையும் சரிசெய்கின்றன. எந்தக் கல்லை எங்கே வைப்பது என்னும் தேர்வே இச்சுவரின் சாந்து எனலாம்.

பலகைக்கல்லும் நெருப்பும்

இப்பகுதிப் பாறைகள் பலவிடங்களில் மேற்பரப்புக்கு இணையாகத் தகடு தகடாகப் பிரியும் இயல்புடையவை. ஆப்புக்குழிகளை வரிசையாக வெட்டி, இரும்பு ஆப்புகளைச் சம்மட்டியால் மாறிமாறி அடித்துப் பிளப்பது ஒரு முறை. பாறையின்மேல் விறகு நெருப்பை மூட்டி, அதைச் சிறிதுசிறிதாக நகர்த்தி, வெப்பத்தால் மேலடுக்கை அடிப்பாறையிலிருந்து விடுவிப்பது மற்றொன்று. பெங்களூர்ப் பகுதியில் வழங்கிய இரண்டாவது முறையை எச். வார்த் 1895இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய குறிப்பு உலகுக்கு அறிவித்தது. பாறையைத் தட்டி, எழும் ஓசையின் வேறுபாட்டைக் கொண்டு பலகை எவ்வளவு தூரம் விடுபட்டது என்பதைக் கல்வேலைக்காரர் கணித்தனர். காது கட்டுமானக் கருவியாக இருந்த அக்காலத்தின் பாடநூல் எதுவும் எழுதப்படவில்லை.

இவ்வாறு கிடைத்த பலகைகளும் கல்தூண்களும் ஓசூர், ஆனேக்கல், கோலார்ப் பகுதிகளில் வேலிக்கால்களாகவும் மாட்டுக்கொட்டகைச் சுவர்களாகவும் வீட்டுக் கூரைகளாகவும் பயன்பட்டன. தூணை நட்டு, மேலே கல் உத்தரத்தை வைத்து, உத்தரத்திலிருந்து உத்தரத்துக்குப் பலகைகளைப் பரப்பிவிட்டால் கூரை முடிந்தது. கூரைப்பலகைகளின் இடுக்குகளை அடைக்க மட்டுமே காரை தேவைப்பட்டது. மல்லச்சந்திரத்துக் கல்திட்டைக்கும் இக்கொட்டகைக்கும் அமைப்பொற்றுமை கண்ணுக்குத் தெரிகிறது. எனினும் அதனைத் தொடர்மரபு எனக் கூறுவதற்கு இடைப்பட்ட காலத்துச் சான்றுகள் வேண்டும். ஒரே வகைப் பாறை ஒரே வகைத் தீர்வை இருவேறு காலத்தாருக்கும் தந்திருக்க இயலும்.

இக்கல்வேலையில் போயர் சமூகத்தாரின் பங்கு பெரிது. கல்லைப் பிளப்பவர் உழவர் அல்லர். பிளந்த கல்லை விலைக்கு வாங்கித் தன்வீட்டில் நிறுத்துபவரே உழவர். வரப்புச் சுவரில் ஒருவரிடமே இருந்த இரு திறன்கள் இங்குப் பிரிந்துவிடுகின்றன. திறனின் பெரும்பகுதி கற்குழிக்குச் சென்றது. வீட்டு மனையில் எஞ்சியது தூக்கி நிறுத்தும் உடல்வலிமை. பிற்காலத்தில் கட்டைக்கல் விற்கும் களத்துக்கும் வீடு கட்டுபவருக்கும் இடையே உருவான உறவின் முன்வடிவம் இதுவாகும்.

சேறும் சுண்ணாம்பும்

வாழும் வீட்டின் சுவர் பெரும்பாலும் சேற்றாலோ, சேற்றில் பதித்த கல்லாலோ ஆனது. மிதித்துப் புளிக்கவைத்த மண்ணில் வைக்கோல் கூளத்தைக் கலந்து முழ உயரத்துக்கு ஒரு படையாக வைத்து, அது காய்ந்தபின் அடுத்த படையை வைப்பர். மேற்பூச்சாக மண்ணும் சாணமும், வசதியுள்ள வீட்டில் சுண்ணாம்பும் பூசப்பட்டன.

பூச்சில் கூளத்தைக் கலக்கும் இவ்வழக்கத்தைக் கண்ணாடி இழைப் பூச்சின் முன்னோடியாகக் கூறத் தோன்றும். இங்கு எச்சரிக்கை தேவை. மண்பூச்சில் கூளம் செய்யும் வேலை, காயும்போது பூச்சு வெடிக்காமல் காப்பது. சுவர் வளையும்போது எழும் இழுவிசையை அது தாங்குவதில்லை. தாங்க வேண்டிய தேவையும் இல்லை, ஏனெனில் முழங்கை நீளத் தடிப்புள்ள சுவர் தன் எடையாலேயே நிற்கிறது. பூச்சு உதிர்ந்தாலும் சுவர் நிற்கும். மேற்பூச்சுப் பிணைப்பு முறையில் பூச்சு நீங்கினால் எஞ்சுவது அடுக்கி வைத்த கற்குவியல் மட்டுமே. பொருள் ஒத்திருப்பினும் பொருளின் வேலை வேறு. கட்டுமான வரலாற்றில் பண்டையோர் அறிந்திருந்தனர் என்னும் வாக்கியம் அடிக்கடி இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

சிப்காட்டும் கட்டைக்கல்லும்

தமிழ்நாடு அரசு 1971இல் தொடங்கிய சிப்காட் நிறுவனத்தின் தொழில் வளாகம் ஓசூரில் அமைந்தபின் இவ்வட்டாரத்தின் குடியிருப்புத் தேவை அடியோடு மாறியது. 1980களில் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் ஆலைகள் இயங்கத் தொடங்கின. அவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கான சிறுதொழிற்கூடங்கள் எழுந்தன. ஓசூர் 2019இல் மாநகராட்சியானது. சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரின் மனைவிலையும் கூலியும் எல்லை கடந்து இங்கும் செல்வாக்குச் செலுத்தின.

இத்தேவையை நிறைவுசெய்தது சிமெண்டுக் கட்டைக்கல். சாலையோரக் களங்களில் சல்லித்தூளும் சிமெண்டும் கலந்து அச்சில் இடித்து எடுக்கப்படும் ஹாலோ பிளாக், சாலிட் பிளாக் என்னும் இருவகைக் கற்கள் செங்கல்லின் இடத்தைப் பிடித்தன. கற்குழிகள் நிறைந்த மாவட்டத்தில் சல்லித்தூள் எளிதில் கிடைத்தது. தரமான செங்கல்லுக்குரிய வண்டல்மண் அவ்வளவு எளிதில் கிடைக்கவில்லை. பலகைக்கல்லின் கழிவே அடுத்த தலைமுறைச் சுவராயிற்று எனக் கூறினால் மிகையாகாது.

ஆலைத் தொழிலாளி ஒருவர் இரண்டு சென்ட் மனையை வாங்கி, முதலில் ஓர் அறையும் சமையற்கட்டும் எழுப்பி, சேமிப்புக்கேற்ப ஆண்டுதோறும் வளர்த்துச் செல்வது இப்பகுதியின் பொதுவான கட்டுமான வழி. இதைத் தன்வீட்டுக் கட்டுமானம் என்றழைத்தாலும், சுவரை எழுப்புபவர் கொத்தனாரே. வீட்டுக்காரர் பொருள் வாங்குபவராகவும், தண்ணீர் ஊற்றுபவராகவும், ஞாயிற்றுக்கிழமைச் சித்தாளாகவும் இருக்கிறார். 1996ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் மையச் சட்டம், 10 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத செலவில் தன் குடியிருப்புக்கான வீட்டைக் கட்டும் தனிநபரை நிறுவனம் என்னும் வரையறையிலிருந்து விலக்கியிருந்தது. சட்டத்தின் பார்வையில் அவர் முதலாளியுமல்லர், கட்டுநருமல்லர். புள்ளிவிவரங்களிலும் அவர் இடம்பெறாமைக்கு இது ஒரு காரணம்.

ஜார்ஜியாவில் பிறந்த பூச்சு

மேற்பூச்சுப் பிணைப்பு முறை அமெரிக்க வேளாண்துறையின் ஆராய்ச்சியில் உருவானது. நாட்டுப்புறக் குடும்பங்களுக்குக் குறைந்த செலவில் வீடமைக்கும் வழிகளை ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்சு நகரிலிருந்த ஆய்வுப்பிரிவு தேடியது. கார்ல் ஹெய்ன்ஸ், ஜே. டபிள்யூ. சைமன்ஸ் ஆகியோர் எழுதி 1974இல் வேளாண்துறை வெளியிட்ட கையேடு இம்முறையைப் பரவலாக்கியது. கட்டுமானத் தொழிலாளருக்காக எழுதப்பட்டதை விட, தன் வீட்டைத் தானே கட்ட முனைபவருக்காக எழுதப்பட்டது என்பதே அதன் தனித்தன்மை.

முறை எளிது. கடைக்காலின்மேல் முதல் வரிசையை மட்டும் சாந்தில் பதித்து ரசமட்டம் பார்க்க வேண்டும். மூலைகளை முதலில் எழுப்பி, நூல் கட்டி, மற்ற வரிசைகளைச் சாந்தின்றி அடுக்க வேண்டும். ஏற்றத்தாழ்வு காணும் இடத்தில் மெல்லிய தகட்டை அடைகொடுக்கலாம். பின்னர்ச் சுவரை நனைத்து, இருபுறமும் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிப்பில் பூச்சைப் பூச வேண்டும். அக்கையேடு தரும் கலவையில் எடையளவில் சிமெண்டு 78 விழுக்காடு, நீற்றிய சுண்ணாம்பு 15, கண்ணாடி இழை 4, கால்சியம் குளோரைடு 2, கால்சியம் ஸ்டியரேட் 1. இழையின் நீளம் அரை அங்குலம். மணல் இல்லை என்பது கவனத்துக்குரியது.

இச்சுவர் பக்கவிசைக்கு வளையும்போது ஒருபுறப் பூச்சு இழுபடுகிறது. அவ்விழுவிசையைக் கண்ணாடி இழை ஏற்கிறது. இழுப்பைத் தாங்குவதில் வழக்கமான சாந்துச் சுவரை விட இது மேம்பட்டது. செங்குத்து எடையைத் தாங்குவதில் நிலைமை வேறு. சாந்து இல்லாதபோது கற்கள் முழுமுகத்தாலும் தொடுவதில்லை. மேடான சில புள்ளிகளில் மட்டுமே தொடுகின்றன. எடை அப்புள்ளிகளில் குவிவதால் சுவரின் அமுக்க வலிமை குறைகிறது. ஒருமாடி வீட்டுக்கு அது தடையாகாது. மேன்மேலும் மாடி எழுப்பும் எண்ணமுடையவருக்குத் தடையாகும். ஓசூரில் வாடகைக்கு மாடி எழுப்பும் எண்ணமில்லாத வீட்டுக்காரரைக் காண்பது அரிது.

சிமெண்டின் காரத்தன்மை சாதாரணக் கண்ணாடி இழையை நாளடைவில் அரிக்கும் என்பது தொடக்கக் காலச் சிக்கல். பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையத்தில் ஏ. ஜே. மஜும்தார் மேற்கொண்ட ஆய்வின் பயனாக, சிர்கோனியம் கலந்த காரம் தாங்கும் இழை 1970களின் தொடக்கத்தில் பில்கிங்டன் நிறுவனத்தால் சந்தைக்கு வந்தது. அமெரிக்கத் தரநிலை அமைப்பான ஏ.எஸ்.டி.எம். இப்பூச்சுக் கலவைக்குச் சி 887, கட்டும் முறைக்குச் சி 946 என இரு தரநிலைகளை வகுத்துள்ளது.

மூன்று மில்லிமீட்டர்

இம்முறையை ஓசூர்க் கட்டைக்கல்லோடு வைத்துப் பார்க்கும்போதுதான் சிக்கலின் உண்மைவடிவம் புலப்படுகிறது. சிமெண்டுக் கட்டைக்கற்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2185, முதற்பகுதி. 400 × 200 மில்லிமீட்டர் எனப் பெயரளவில் வழங்கும் கல்லின் உண்மை அளவு 390 × 190. எஞ்சிய 10 மில்லிமீட்டர் சாந்துக்குரியது. எனவே சாந்துடன் 15 வரிசையில் 3 மீட்டர் உயரம் வரும் சுவர், சாந்தின்றி அடுக்கினால் 2.85 மீட்டரில் நின்றுவிடும். 16 வரிசை வைத்தால் 3.04 மீட்டர். கதவு, சன்னல், லிண்டல் அளவுகள் அனைத்தும் இதற்கேற்ப மாற வேண்டும். இது கணக்கால் தீரும்.

கணக்கால் தீராதது மற்றொன்று. அதே தரநிலை கல்லின் உயரத்தில் 3 மில்லிமீட்டர் கூடுதலையோ குறைவையோ அனுமதிக்கிறது. ஆகவே அருகருகே வைக்கப்படும் இரு கற்கள், இரண்டும் தரமானவையாக இருந்தும், 6 மில்லிமீட்டர் வரை வேறுபடலாம். சாந்துச் சுவரில் இது ஒரு பொருட்டன்று; 10 மில்லிமீட்டர்ச் சாந்து அதனை விழுங்கிவிடும். சாந்தில்லாச் சுவரில் உயரமான கல்லின்மேல் அடுத்த வரிசை ஊசலாடும். சாந்தின் முதல் வேலை ஒட்டுதல் எனப் பாடநூல்கள் கூறினும், இவ்வட்டாரச் சுவரில் அதன் பெரும்பணி கல்லின் குறையை மறைத்து மட்டம் சேர்ப்பதே. அந்த 10 மில்லிமீட்டரை வரிசைக்கு வரிசை சற்றே கூட்டியும் குறைத்தும் மட்டத்தைக் காப்பது கொத்தனாரின் கரண்டி. அவர் பெறும் நாட்கூலியின் ஒரு பகுதி இதற்குரியதாகும். கைக்கடிகாரத்தின் நுண்சக்கரத்தைச் செய்யும் ஊரில், ஆலைமதிலுக்கு வெளியேயுள்ள கற்களத்தில் 3 மில்லிமீட்டர் எவருக்கும் பெரிதாகப்படவில்லை என்பது இவ்வட்டாரத் தொழில்வளர்ச்சியின் சீரற்ற தன்மையைக் காட்டுகிறது.

ஆகவே சாந்தை நீக்குவது ஒழுங்கின்மையை நீக்குவதாகாது. அதைச் சரிசெய்யும் இடத்தை மாற்றுவதாகும். வரப்புச் சுவரில் அவ்விடம் அடுக்குபவரின் தேர்வு. பலகைக்கல் வீட்டில் கற்குழிப் போயரின் உளி. கட்டைக்கல் வீட்டில் கொத்தனாரின் சாந்து. மேற்பூச்சு முறையிலோ அது கல் செய்யும் அச்சுக்குள் சென்றுவிடுகிறது. முகம் தேய்த்து மட்டப்படுத்திய கல்லைத் தரும் எந்திரத்துக்குரிய விலை, கொத்தனாருக்குக் கொடுக்காமல் மிச்சப்படுத்திய கூலியிலிருந்தே செலுத்தப்பட வேண்டும். தன்வீட்டைத் தானே கட்டுபவர் ஒரு சார்பிலிருந்து விடுபட்டு மற்றொரு சார்புக்குள் நுழைகிறார்.

பொருட்செலவையும் தோராயமாகக் காணலாம். 10 சதுர மீட்டர்ச் சுவரின் இருபுறமும் 3 மில்லிமீட்டர்ப் பூச்சுக்கு 0.06 கனமீட்டர்க் கலவை போதும். வழக்கமான 12 மில்லிமீட்டர்ப் பூச்சுக்கு 0.24 கனமீட்டர் வேண்டும். ஆனால் முன்னதில் பெரும்பகுதி சிமெண்டு. பின்னதில் பெரும்பகுதி மணல். எனவே பூச்சளவில் சிமெண்டுச் செலவு இரண்டிலும் பெரிதும் வேறுபடாது. மிச்சமாவது மணலும், வரிசையிடைச் சாந்தும், நாள்களும். ஆற்றுமணல் அரிதாகி எம்சாண்ட் விலையேறிய நிலையில் இது சிறிய மிச்சமன்று.

அண்டை முயற்சிகள்

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் ஏ. கே. என். ரெட்டி முன்னின்று தொடங்கிய அஸ்த்ரா அமைப்பும், கே. எஸ். ஜகதீஷ் முதலியோரின் நிலைப்படுத்திய மண்கட்டி ஆய்வுகளும் எல்லைக்கு அப்பால் நிகழ்ந்தவை. ஆரோவில் மண் ஆய்வு நிறுவனம் வடிவமைத்த உள்ளீடற்ற பிணைகட்டிகள், 2001ஆம் ஆண்டுக் குசராத்து நிலநடுக்கத்துக்குப் பின் அம்மாநில மறுவாழ்வுப் பணிக்கு ஏற்பளிக்கப்பட்டன. அவற்றின் துளைகளில் குறித்த இடைவெளியில் கம்பியும் காங்கிரீட்டும் இறக்கப்படுகின்றன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கே. பி. ஆனந்த், கே. ராமமூர்த்தி ஆகியோர் பிணைப்பூட்டுக் கட்டைக்கற்களை உருவாக்கி 2000, 2003 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள், உலர் அடுக்கில் ஒருநாள் வேலையளவு கணிசமாக உயர்வதைக் காட்டின.

இம்மூன்றும் பூச்சை நம்பாமல் கட்டியின் வடிவத்தையோ உட்கம்பியையோ நம்பின. இந்தியப் பொறியாளர்கள் பூச்சின்மேல் சுவரின் பொறுப்பை ஏற்றத் தயங்கியதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1993 செப்டம்பர் 30இல் மராட்டிய மாநிலம் கில்லாரியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் சேற்றில் அடுக்கிய தடித்த கற்சுவர்கள் உறங்கியவர்மேல் சரிந்தன. இறந்தோர் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர். குறைவலிமைச் சுவர்களுக்கான ஐ.எஸ். 13828 அதே ஆண்டில் வெளிவந்தது. குறுக்குக்கல்லும் கிடைப்பட்டையும் இன்றியமையாதன என அது வற்புறுத்தியது. பிணைப்பில்லா அடுக்கு என்றாலே அதிகாரிகளின் நினைவில் கில்லாரி எழுவது இயல்பே. மேற்பூச்சுச் சுவர் கில்லாரிச் சுவரன்று என்பதை விளக்கும் இந்தியச் சோதனைத் தரவு அவர்கள்முன் வைக்கப்பட்டாலன்றி அந்நினைவு மாறாது.

கூலியும் பாலினமும்

கட்டுமானக் களத்தில் பெண் சித்தாளாகவே தொடங்கிச் சித்தாளாகவே ஓய்வது தமிழகமெங்கும் காணப்படும் நிலை. கரண்டியும் தூக்குக்குண்டும் ஆணின் கையிலேயே தங்கின. அவையே கூலி வேறுபாட்டுக்கும் காரணமாகக் காட்டப்பட்டன. சாந்தில்லா அடுக்கில் கரண்டிவேலை முதல் வரிசையோடு முடிகிறது. அடுக்குவதும் பூசுவதும் சில நாள்களில் பழகக்கூடியவை. எனவே இம்முறை பெண்ணுக்கும் வீட்டுக்காரருக்கும் சுவரெழுப்பும் உரிமையைத் தரும் என வாதிடலாம். வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும் எடையை மறக்கலாகாது. 400 × 200 × 200 மில்லிமீட்டர்ச் சாலிட் பிளாக் 35 கிலோகிராம் வரை கனக்கும். அதே அளவு ஹாலோ பிளாக் ஏறத்தாழ அதில் பாதி. இம்முறை ஹாலோ பிளாக்கையே கருதி வகுக்கப்பட்டது. பெங்களூர்ச் சந்தையின் செல்வாக்கால் ஓசூரில் சாலிட் பிளாக் பெற்றுள்ள மதிப்பு இங்குத் தடையாகிறது.

மறுபக்கமும் உண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலைச் சிற்றூர்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வரும் தொழிலாளர் பலருக்குக் கட்டுவேலையே பிழைப்பு. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994இல் அமைந்தபோது கொத்தனார் என்பது ஒரு தொழிலடையாளமாக ஏற்கப்பட்டது. அத்திறனைத் தேவையற்றதாக்கும் முறையைச் சிக்கனம் என்னும் ஒரே அளவுகோலால் அளப்பது, நாட்கூலியைச் செலவுப் பட்டியலின் ஒரு வரியாக மட்டும் காண்பதாகும்.

அனுமதியும் தவணையும்

சுவர்களின் வலிமைக்கான ஐ.எஸ். 1905, அனுமதிக்கத்தக்க தகைவைச் சாந்தின் வகையைக் கொண்டே வரையறுக்கிறது. சாந்தே இல்லாத சுவருக்கு அவ்வட்டவணையில் நிரல் இல்லை. வங்கிக் கடனுக்கு வரைபடத்தில் ஒப்பமிடும் பொறியாளர் எந்த எண்ணை எழுதுவார் என்பது நடைமுறை வினா.

அரசு வீட்டுத்திட்டங்களில் இவ்வினா மேலும் கூர்மையடைகிறது. 1985இல் தொடங்கிய இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் ஒப்பந்ததாரரை விலக்கிப் பயனாளியே தன் வீட்டைக் கட்ட வேண்டும் என விதித்தது. 2016இல் அதன் இடத்துக்கு வந்த பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டமும் அக்கொள்கையைத் தொடர்ந்தது. தமிழக அரசு 2024இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 இலட்சம் ரூபாய் வழங்குகிறது. தன் கையால் கட்டுபவருக்கே இத்திட்டங்கள் எனில், மேற்பூச்சு முறைக்கு இவற்றை விடப் பொருத்தமான களம் வேறில்லை.

ஆனால் ஊரகத் திட்டங்களில் தொகை தவணையாகவே வருகிறது. அடித்தளம், சன்னல் மட்டம், லிண்டல் மட்டம், கூரை என வேலை எட்டிய உயரத்தை ஒன்றியப் பொறியாளரோ மேற்பார்வையாளரோ பார்த்துப் படமெடுத்துப் பதிவேற்றிய பின்னரே அடுத்த தவணை விடுவிக்கப்படும். சாந்துச் சுவரில் உயரமும் வலிமையும் சேர்ந்தே வளர்கின்றன. லிண்டல் மட்டத்தில் நிற்கும் சுவர் அம்மட்டம் வரை சுவர்தான். உலர் அடுக்கில் லிண்டல் மட்டத்தை இரண்டே நாளில் எட்டிவிடலாம், ஆயினும் பூச்சு பூசி நீர் தெளித்து இறுகும்வரை அது தள்ளினால் சாயும் அடுக்கு. படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். தவணைக்குக் காத்திருக்கும் பயனாளி, பூச்சுக்குரிய சிமெண்டையும் இழையையும் வாங்கும் பணம் அந்தத் தவணையில்தான் வரவேண்டும் என்ற நிலையில், பூசப்படாத அடுக்கை வாரக்கணக்கில் காற்றிலும் மழையிலும் நிறுத்திவைக்க நேரும். இம்முறை இத்திட்டங்களுக்குள் வரவேண்டுமாயின் முதலில் மாற வேண்டியது தவணைப் படிவத்தின் அந்த ஒரு நிரல். லிண்டல் மட்டம் என்றிருக்கும் இடத்தில் இருபுறப் பூச்சு முடிந்த மட்டம் என்று எழுதப்பட வேண்டும்.